வாக்குத்தத்தப் பெட்டி

உடுப்பிட்டி
5 ஜனவரி 1994

அன்புள்ள தம்பி சிமியோனுக்கு,

ஆண்டவரின் தயவால் நான் சுகம். நீயும் மலரும் பிள்ளைகளும் அந்தப் பனிக்குள் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுகிறேன்.

வருடக் கடைசி ஆராதனையை இந்த முறை பின்னேரம் நான்கு மணிக்கு வைத்தார்கள். இரவில் வீதியில் நடமாடுவது புத்தியில்லை. விளக்கெரிக்க மண்ணெண்ணெயும் இல்லை. ஆகவே புது வருடத்தை முன்கூட்டியே வரவேற்று, துதி பாடி, ஆளுக்காள் கைகொடுத்து, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டோம். உண்மையான புது வருடம் நள்ளிரவில் வந்தபோது உடுப்பிட்டியில் நாய்கள்தான் விழித்திருந்தன. அது கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மழை இருட்டாக இருந்ததால் எங்கள் கோயில் பொருளாளர் யாகப்பு மாஸ்ரர் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, மிதித்து, டைனமோ வெளிச்சம் தந்தார். போதகர் வழக்கம்போல நீளமாகப் பேசவில்லை. மிதிப்பவரின் மூச்சு எல்லோருக்கும் கேட்டது.

பிறகு வாக்குத்தத்தப் பெட்டி வந்தது. நீ மறந்திருக்க மாட்டாய்: கண்ணை மூடிக்கொண்டு ஒரு அட்டை எடுக்க வேண்டும், அதில் உள்ள வேத வசனம்தான் அந்த வருடம் முழுவதற்கும் நமக்குரியது. வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு வீட்டில் உள்ளவர்கள் எடுக்கிறார்கள். இப்போது பெட்டியில் பாதி வெளிநாட்டுக்குத்தான் போகிறது. அச்சடித்த அட்டை கொழும்பிலிருந்து வர வழியில்லை என்று நானே பழைய சோதனைத் தாள்களை வெட்டி எழுதினேன். உனக்கு வந்தது பொறுமை. இத்துடன் இருக்கிறது. பின்பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளையொன்று பொலநறுவையின் நீர்ப்பாசனம் பற்றி எழுதியிருக்கிறாள். அதையும் வாசி, நன்றாக எழுதியிருக்கிறாள்.

எதிர்வீட்டுச் சின்னத்தங்கம் சைவம். ஆனாலும் அவவுக்கும் ஒன்று எடுத்தேன். "எங்கடை பஞ்சாங்கம் சித்திரையிலைதான் வரும் ரீச்சர். அதுவரைக்கும் உங்கடை ஆண்டவர் பாத்துக்கொள்ளட்டும்" என்றா.

எனக்கு வந்தது, தேசத்திலேயே குடியிருக்கச் சொல்லும் சங்கீத வசனம். நான் கனடாவுக்கு வருவது பற்றி மூன்று கடிதங்களில் கேட்டிருந்தாய். மேலே உள்ளதே பதில்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

அன்பு அக்கா
ஸ்ரெல்லா

*

ரொறன்ரோ
20 மார்ச் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். மூத்தவனுக்கு மட்டும் காது வலி. உங்கள் சுகத்தை நினைத்துத்தான் இங்கே நித்திரை கெடுகிறது.

ஜனவரியில் எழுதியது இன்று கிடைத்தது. பொறுமை வசனத்துக்கு நன்றி. கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே அது நிறைவேறிவிட்டது.

அக்கா, ஒன்று கேட்கிறேன். பெட்டிக்குள் போகும் அட்டைகளை எழுதுவது நீங்கள். தேசத்தில் குடியிருக்கச் சொல்லும் வசனத்தை எழுதியது நீங்கள். எடுத்ததும் நீங்கள். இங்கே இப்படி ஒருவர் லொத்தர்ச் சீட்டு நடத்தினால் பொலிஸ் வரும்.

விளையாட்டை விடுவோம். உங்களுக்கு ஐம்பத்து நான்கு வயது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால் தண்ணீர் எடுத்துத் தர யார் இருக்கிறார்கள்? மேலே விமானம் பறக்கும்போது கைபிடித்துப் பதுங்குகுழிக்குள் இறக்க யார் இருக்கிறார்கள்? இங்கே உங்களுக்கென்று ஒரு அறைக்குப் பெயின்ற் அடித்துவிட்டேன். பத்திரங்கள் எல்லாம் ஆயத்தம். உங்கள் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும்.

மலரும் கேட்கிறாள். தயவுசெய்து ஒரு நேரான பதில் தாருங்கள்.

உங்கள் தம்பி
சிமியோன்

*

உடுப்பிட்டி
2 ஜூன் 1994

அன்புள்ள தம்பிக்கு,

மூத்தவனின் காது இதற்குள் சுகமாகியிருக்கும். நான் நலம். ஏப்ரலில் காய்ச்சல் வந்தது. நீ எழுதியிருந்தபடியே படுத்தேன். உன் கடிதம் அதற்குப் பிறகு வந்ததால் பயப்படாமல் படுக்க முடிந்தது. தண்ணீர் எடுத்துத் தர சின்னத்தங்கம் இருந்தா. கஞ்சி யாகப்பு மாஸ்ரர் கொண்டுவந்தார். அவர் மனைவி இறந்த பிறகு தானே சமைத்துப் பழகியவர். உப்பு மட்டும் இன்னும் பழகவில்லை.

உன் சந்தேகம் நியாயமானது. வசனங்களைத் தெரிவுசெய்வது நானல்ல, ஒரு செயற்குழு. ஆறுதல் தருகிற வசனங்கள் மட்டும் பெட்டிக்குள் போகலாம் என்பது அவர்கள் தீர்மானம். யோபுவை முழுமையாக நீக்கிவிட்டார்கள். வெள்ளம், வெட்டுக்கிளி, சிறைப்பிடிப்பு எல்லாம் நீக்கம். இவ்வளவும் வெளியே நடப்பதால் உள்ளேயும் தேவையில்லை என்றார் ஒருவர். யாகப்பு மாஸ்ரர் மட்டும் எதிர்த்து, "ஆண்டவர் சொல்லாததை நாங்கள் சொல்லலாம், சொன்னதை மறைக்க ஏலாது" என்றார். வாக்கெடுப்பில் தோற்றார். அவர் வசனத்தை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர். ஒரு வருடம் உபவாச வசனம் வந்தது. அந்த வருடம் முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் பட்டினி கிடந்து மெலிந்து போனார்.

நேரான பதில் கேட்டாய். சரி. வரும் வருடக் கடைசியில் பெட்டியைப் போதகரே கலக்கட்டும். எனக்கு வருகிற வசனம் போகச் சொன்னால் வருகிறேன். இருக்கச் சொன்னால் நீ இனிமேல் இதைப் பற்றி எழுதக்கூடாது. ஒரு ரீச்சர் சொன்ன சொல் இது.

அறைக்கு என்ன நிறம் அடித்தாய்?

அன்பு அக்கா
ஸ்ரெல்லா

*

ரொறன்ரோ
15 ஆகஸ்ட் 1994

மதிப்புக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

நீங்களும் சபையாரும் கர்த்தருக்குள் சுகமாயிருக்க வேண்டுகிறேன். நான் ஸ்ரெல்லா ரீச்சரின் தம்பி. உங்கள் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன். நீங்கள் அங்கே வருவதற்கு முன்பே நான் புறப்பட்டுவிட்டதால் என்னை அறிந்திருக்க மாட்டீர்கள்.

அக்கா வரும் வருடக் கடைசியில் எடுக்கும் வசனத்தின்படி நடப்பதாக வாக்களித்திருக்கிறா. வசனத்தை ஆண்டவர் தெரிவுசெய்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெட்டிக்குள் இல்லாத வசனத்தை அவரால் எப்படித் தெரிவுசெய்ய முடியும்? ஆறுதல் வசனங்கள் மட்டுமே உள்ளே போவதாக அக்கா எழுதினா; புறப்படச் சொல்லும் வசனம் ஒன்றுகூட அதற்குள் இருக்காது.

ஆகவே, ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படும்படி ஆபிரகாமுக்குச் சொன்ன வசனத்தை இங்கே ஒரு நண்பரின் அச்சகத்தில் நல்ல அட்டையில் அச்சடித்து அனுப்புகிறேன். கொழும்புக்கு வரும் ஒருவர் கையில் கொடுக்கிறேன். அங்கிருந்து கிளாலிக் கடல்நீரேரியைப் படகில் கடந்து உங்களிடம் வரும். ஒரு கட்டு இருக்கிறது. மற்ற அட்டைகளோடு கலந்துவிட்டால் போதும். ஆண்டவரின் சித்தத்தில் தலையிடுவது என் நோக்கமல்ல. அவருக்கு ஒரு வசதி செய்து கொடுப்பதுதான்.

அக்காவுக்குச் சொல்ல வேண்டாம்.

தாழ்மையுள்ள
சிமியோன்

*

உடுப்பிட்டி
30 அக்டோபர் 1994

அன்புள்ள சகோதரர் சிமியோனுக்கு,

கிருபையும் சமாதானமும். சபை சுகம். கூரை மட்டும் ஒழுகுகிறது.

உங்கள் கட்டு வந்து சேர்ந்தது. கொண்டுவந்த இளம் பெண்பிள்ளை வள்ளத்தில் அதை மடியில் வைத்து, தான் நனைந்தாலும் அதை நனைய விடவில்லையாம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட காகிதத்தைத் தொட்டேன். என் மனைவி மணந்து பார்த்தா. இங்கே பிள்ளைகள் ஒரு கொப்பியை அழித்து அழித்து இரண்டு முறை எழுதுகிறார்கள்.

ஆண்டவருக்கு வசதி செய்து கொடுக்க முன்வருபவர்கள் எங்கள் சபையிலும் குறைவில்லை. பெரும்பாலும் அவர்கள் செயற்குழுவில் இருக்கிறார்கள். இருந்தாலும் நீங்கள் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. அது வேதத்தில் உள்ள வசனம். அதை விலக்க எனக்கு அதிகாரமில்லை. கலக்கிவிடுகிறேன். ரீச்சரின் கைக்குள் வைக்க மாட்டேன்.

உங்கள் அக்கா இந்தச் சபைக்கு எவ்வளவு வேண்டியவர் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நானும் தலையிட்டதாகிவிடும்.

கர்த்தருக்குள்
ஞானமுத்து, போதகர்

*

ரொறன்ரோ
10 நவம்பர் 1994

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம், உங்கள் நலமே எங்கள் ஜெபம்.

அறைக்கு இளம் பச்சை. உங்களுக்கு ஒரு நீலக் கோட்டு வாங்கியிருக்கிறோம். மலர் போட்டுப் பார்த்தாள். உங்களுக்குக் கொஞ்சம் நீளமாக இருக்கும், ஆனால் குளிருக்கு நீளம் நல்லது. எல்லாம் ஆண்டவர் கையில். நான் எதையும் வற்புறுத்தவில்லை.

ஒன்று கேட்க மறந்தேன். இந்த யாகப்பு மாஸ்ரர் யார்? உங்கள் கடிதங்களில் அடிக்கடி சைக்கிளில் வருகிறார்.

உங்கள் தம்பி
சிமியோன்

*

உடுப்பிட்டி
12 டிசம்பர் 1994

அன்புள்ள தம்பிக்கு,

சுகமே இருக்கிறேன். நத்தாருக்குப் பிந்தி இந்தக் கடிதம் வரும். ஆகையால் முடிந்துபோன கிறிஸ்து பிறப்புக்கு வாழ்த்துகள்.

நீ எதையும் வற்புறுத்தவில்லை என்று எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நீ சின்ன வயதில் மாங்காய் களவெடுத்துவிட்டு வரும்போதும் இவ்வளவு மரியாதையாகத்தான் நடப்பாய்.

வீட்டை ஒழுங்குபடுத்துகிறேன். சொன்ன சொல் என்றால் அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். அம்மாவின் பித்தளைப் பாத்திரங்களை மினுக்கி வைத்தேன். கோழிகளைச் சின்னத்தங்கத்துக்குக் கொடுத்தேன். "போற ஆள் மாதிரிக் குடுக்கிறியள், இருக்கிற ஆள் மாதிரி அழுறியள்" என்றா. நான் அழவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்ரர் யார் என்று கேட்டாய். கோயில் பொருளாளர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். கணக்குப் படிப்பித்தவர். கனடா விஷயத்தை அவரிடமும் சொன்னேன். "நல்லது, அங்கை நல்ல ஆசுப்பத்திரி" என்றார். அதற்குப் பிறகு ஒரு கிழமை இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு வந்து, எதற்காக வந்தேன் என்பதை மறந்துவிட்டதாகச் சொல்லி, என் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போனார். அது ஏற்கெனவே நன்றாகத்தான் ஓடியது.

வேறு விசேஷமில்லை. கோட்டு நீளத்தை வெட்ட வேண்டாம். பார்ப்போம்.

அன்பு அக்கா
ஸ்ரெல்லா

*

உடுப்பிட்டி
4 ஜனவரி 1995

அன்புள்ள சகோதரர் சிமியோனுக்கு,

புது வருட வாழ்த்துகள். எல்லோரும் சரீரத்தில் சுகம். மனதைப் பற்றி இனி எழுதுகிறேன்.

நீங்களும் நானும் ஒன்றை மறந்துவிட்டோம். கண்ணை மூடலாம், விரலை மூட முடியாது. உங்கள் அக்கா வெட்டிய அட்டைகள் பழைய தாள். நனைந்த வெற்றிலைபோல இருந்தன. உங்களுடையவை தடித்தவை, வழுவழுப்பானவை. காகிதத்துக்குத் தவிக்கும் ஊரில் பெட்டிக்குள் கை விட்டவர்கள் என்ன செய்வார்கள்? முதலில் எடுத்தவர் தடவி ஒரு வெள்ளை அட்டையை எடுத்தார். அடுத்தவர் அதைக் கண்டார். அதன் பிறகு என் சபையார் ஒவ்வொருவரும் பெட்டிக்குள் கைவிட்டு, மிகுந்த பக்தியோடு, நெடுநேரம் துழாவினார்கள். அது தியானம் என்றே நினைத்தேன்.

பலன்: ஆண்கள் பக்கம் ஏறக்குறைய முழுவதற்கும் ஊரைவிட்டுப் புறப்படும்படி கட்டளை வந்துவிட்டது. பாடகர் குழு புறப்பட வேண்டும். இடுப்பு முறிந்து கட்டிலில் கிடக்கும் ஆரோன் அப்புவும் புறப்பட வேண்டும். செயலாளர் அதை வெளிநாட்டு விசா என்றே எடுத்துக்கொண்டு மனைவியைக் கட்டிப்பிடித்தார். மணியடிக்கும் கோயிற்காரருக்கும் வந்தது. எனக்கும் வந்தது, நான் துழாவினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. பிரசங்கத்தை மாற்றினேன். வசனம் பயணச்சீட்டு அல்ல என்றேன். ஆண்டவர் வருடத்தை ஒரு நாளாக ஒரு நாளாகத்தான் தருகிறார். முழுவதையும் டிசம்பர் முப்பத்தோராம் திகதியே பிய்த்துப் பார்க்க நினைப்பது நம்முடைய அவசரம், அதற்குப் பெட்டியைக் குற்றம் சொல்லக்கூடாது என்றேன். செயலாளர் மட்டும், "அப்ப போன வருசங்களிலை சொன்னது?" என்று கேட்டார். செயற்குழு அவசரமாகக் கூடுகிறது.

அட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். கனடாவிலிருந்து ஒரு நன்கொடை என்றேன். ரீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தா. அதற்குப் பிறகு நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மிச்சத்தை அவவே எழுதுவா.

கர்த்தருக்குள்
ஞானமுத்து, போதகர்

*

உடுப்பிட்டி
15 ஜனவரி 1995

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மிகவும் நலம். சண்டை நிறுத்தம் என்கிறார்கள். ஒரு கிழமையாக வானத்தில் சத்தமில்லை. சந்திக் கடைக்குச் சவர்க்காரம் வந்ததால் ஊர் முழுவதும் மணக்கிறது.

நீ செய்ததைப் பற்றி அடுத்த கடிதத்தில் பேசுகிறேன். முதலில் என் வசனம். பெட்டி பெண்கள் பக்கம் வரும்போது வெள்ளை அட்டைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. எனக்கு வந்தது நான் எழுதிய பழைய தாள்தான்: வீட்டுக்கு வருகிறவர்களை உபசரிக்க மறக்கவேண்டாம் என்கிற வசனம். போகவும் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நம்முடைய ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை. ஆண்டவர் என்னையே யோசிக்கச் சொல்லிவிட்டார் என்று விளங்கிக்கொண்டு, இரண்டு நாள் யோசித்தேன். வரத்தான் வேண்டும் என்று ஏறக்குறைய முடிவெடுத்தேன். நீ கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தனியாகக் கிடக்க எனக்கும் பயம்தான் தம்பி. உனக்கு எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை யாகப்பு மாஸ்ரர் வந்தார். சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். படலையில் சைக்கிளோடு நின்றுகொண்டு உள்ளே வரவில்லை.

"ரீச்சர், எனக்குப் போகச் சொல்லி வந்திருக்கு."

"எங்கை?"

"அது போடேல்லை."

"ஆபிரகாமுக்கும் போடேல்லை, மாஸ்ரர்."

சைக்கிள் மணியைச் சால்வையால் துடைத்தார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"ஆனால் அவரோடை மனிசி சாராளும் போனவ" என்றார்.

வீதியால் ஒரு மாட்டுவண்டி போனது. அது போய் முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு வேலிக்கு மேலே சின்னத்தங்கத்தின் தலை தெரிந்தது.

"மாஸ்ரர், அந்த அட்டை ஆண்டவர் அனுப்பினது இல்லை. என்ரை தம்பி அனுப்பினது. நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை."

அவர் முகம் வெளிச்சமாகி, உடனே இருண்டது. "அப்ப நான் இப்ப சொன்னது..."

"அதைச் சொல்லிப்போட்டியள். அது இருக்கட்டும். யோசிச்சுச் சொல்லுறன்."

"ஓம்" என்று சைக்கிளைத் திருப்பினார். திருப்பி முடிவதற்குள் யோசித்து முடித்தேன். "மாஸ்ரர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றேன். சின்னத்தங்கம் வேலிக்கு அப்பாலிருந்து, "அப்பாடா, இனி என்ரை அடுப்பைப் பாப்பம்" என்றா.

விஷயம் இதுதான். உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம். எனக்கு ஐம்பத்தைந்து, அவருக்கு ஐம்பத்தெட்டு. ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும், ஊருக்கும் சிரிக்க ஏதாவது வேண்டும். அவர் என் வீட்டுக்கு வருகிறார், அவர் வீட்டுக் கூரை போன வருடம் ஷெல்லோடு போய்விட்டது. சமையலில் உப்பு நான் போடுவதாக ஒப்பந்தம்.

நான் வரவில்லை என்று உனக்குக் கோபம் வரும். நீ அடித்த பச்சை அறையை நினைத்தால் மனம் வலிக்கிறது. ஆனால் நீ கேட்ட கேள்விக்கு, யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, இப்போது ஒரு பதில் இருக்கிறது.

மலருக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன் அக்கா
ஸ்ரெல்லா

*

ரொறன்ரோ
25 பெப்ரவரி 1995

அன்புள்ள அக்காவுக்கும், அன்புள்ள அத்தானுக்கும்,

நாங்கள் நலம். நீங்கள் இருவரும் நலமாயிருப்பீர்கள் என்று முதல் முறையாகப் பயமில்லாமல் எழுதுகிறேன்.

கோபம் வந்தது, இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மலர் உங்கள் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள். மாட்டுவண்டி போகிற இடத்தில் நிறுத்தி, "இஞ்சை பாருங்கோ, அக்காவைக் கூப்பிடப்போய்க் கலியாணத் தரகராகிப்போனியள்" என்றாள். அச்சகத்து நண்பரிடமும் சொன்னேன். அட்டைக்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் இன்னும் தடித்த தாளில் அடித்திருப்பேன் என்கிறான்.

பத்திரங்களைத் திரும்பப் பெறக் குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் காரணம் கேட்டாள். அக்காவுக்குக் கலியாணம் என்றேன். வயது கேட்டாள், சொன்னேன். எழும்பி வந்து எனக்குக் கைகொடுத்தாள்.

இளம் பச்சை அறையை மூத்தவன் எடுத்துக்கொண்டான். கோட்டை மலர் போடுகிறாள். அவளுக்கு நீளம் சரி.

கலியாணத்துக்கு வர முடியாததுதான் துக்கம். ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் இருவர் பெயரையும் போதகர் கோயிலில் மூன்று ஞாயிறு வாசித்து, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டு முடித்ததும், கனடாவிலிருந்து ஒன்றும் இல்லை என்று யாராவது எழும்பிச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் தம்பியும் மைத்துனனுமாகிய
சிமியோன்